ஸ்வரக்குறிப்பு நூல் பதிப்பிக்க உட்காருகிறவருக்கு

சங்கீதம் கற்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு முதலில் வரும் கீதம் மலஹரி ராகத்து ‘ஸ்ரீ கணநாத’. ரூபக தாளம், ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு) 6 அட்சரம் (தாள எண்ணிக்கை). ‘ம ப | த ஸ ஸ ரி ||’ என்று ஆரம்பிக்கும். அந்த இரண்டு ஸ-வும் ரி-யும் தாரஸ்தாயி, அதாவது மேல் ஸ்தாயி. தாரஸ்தாயிக்கு அடையாளம் எழுத்தின் தலையில் ஒரு புள்ளி. தமிழில் ஸ-வின் தலையில் புள்ளி வைத்தால் என்ன ஆகும்? ‘ஸ்’ ஆகும், மெய்யெழுத்து. தெலுங்கு எழுத்தில் அச்சிட்டவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. நமக்கு முதல் பாட்டின் முதல் வரியிலேயே வந்து நிற்கிறது.

பாடுகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை, ராகம் தெரியும், வாய் தானாக மேலே போய்விடும். அச்சுக்குத் தயார்செய்கிறவருக்கு அப்படியில்லை. புள்ளி எங்கே உட்காரும், எந்த எழுத்துருவில் சரியாக விழும், அச்சகத்தில் யார் அதைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிடுவார்கள் என்பதையெல்லாம் யோசித்தாக வேண்டும். ஒரு பாட்டியின் நோட்டுப் புத்தகமோ, குருவின் பாடாந்தரமோ (அவர் வழியில் பாடும் முறையோ), ஏதோ ஒரு நூலகத்தில் தூங்கும் கையெழுத்துப் பிரதியோ உங்கள் கையில் இருந்து, அதைப் புத்தகமாகக் கொண்டுவர நினைத்தால், வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். நான் வரிசை மாற்றிச் செய்து இரண்டு தடவை அவதிப்பட்டவன்.

எத்தனை பாட்டு, யாருக்கு, யாருடையது

முதல் தடவை 20 பாட்டுக்கு மேல் எடுக்காதீர்கள். ஒரு கீர்த்தனையை மூலத்தோடு ஒப்பிட்டு, எண்ணி, மெய்ப்பு பார்த்து முடிக்க எனக்கு ஒரு வாரம் ஆகிறது. வேலைக்குப் போய்க்கொண்டே செய்தால் இரண்டு வாரம். 150 பாட்டு என்று ஆரம்பித்தவர்கள் பலர், முடித்தவர்கள் கொஞ்சம் பேர்.

அடுத்து, இது பாடுகிறவர் மடியில் வைத்துக்கொள்ளும் புத்தகமா, ஆராய்கிறவர் மேஜையில் வைத்துப் புரட்டும் புத்தகமா என்று முடிவு செய்யுங்கள். இரண்டுக்குமாக ஒன்று செய்யலாம். பாட்டுப் பக்கம் சுத்தமாக இருக்கவேண்டும், குறிப்புகளெல்லாம் பின்னால் போகவேண்டும். பாட்டுப் பக்கத்திலேயே எல்லாவற்றையும் திணித்தால் இரண்டு பேருக்கும் உதவாது.

உரிமை விவகாரத்தையும் இப்போதே பாருங்கள். அச்சுக்கு அனுப்பிய பிறகு பார்ப்பது வம்பு. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் காலமான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. மும்மூர்த்திகளுக்கும் (தியாகராஜர், முத்துஸ்வாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி) கோபாலகிருஷ்ண பாரதிக்கும் எந்தத் தடையும் இல்லை. பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்தார், அந்த 60 ஆண்டுக் கணக்கு 2033 இறுதியில்தான் முடிகிறது. இன்னொரு நுணுக்கம்: சட்டத்தின் கண்ணில் வரிகள் இலக்கியப் படைப்பு, மெட்டு இசைப் படைப்பு, இரண்டும் தனித்தனி. பாரதியார் பாடல் நாட்டுடைமை, யாரும் அச்சிடலாம். அந்தப் பாட்டுக்கு 1960-களில் ஒரு வித்வான் போட்ட மெட்டை நீங்கள் ஸ்வரப்படுத்தி அச்சிட்டால் அது வேறு கணக்கு.

மூலங்களைத் திரட்டுவது

ஒரு பாட்டுக்கு எங்கெங்கே பிரதி இருக்கும்? பழைய அச்சுப் புத்தகம், கையெழுத்து நோட்டு, ஓலைச்சுவடி, இசைத்தட்டு, குருவின் நினைவு. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், உ.வே.சா. நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தஞ்சாவூரில் சரஸ்வதி மகால் என்று தேட வேண்டிய இடங்கள் இருக்கின்றன. தியாகராஜரின் சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் வழிச் சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையில் இருக்கின்றன. நூலகத்துக்குப் போகும்போது அடையாள அட்டையும் ஒரு கடிதமும் எடுத்துப் போங்கள். படம் எடுக்க அனுமதி உண்டா, வெளியிட அனுமதி உண்டா என்பவை இரண்டு தனிக் கேள்விகள். இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

கிடைத்த ஒவ்வொரு மூலத்துக்கும் ஒரு குறியெழுத்து வையுங்கள்: அ, ஆ, இ. ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதுங்கள். என்ன காகிதம், எந்த எழுத்து, எத்தனை பேர் கையெழுத்து, பின்னால் வேறு மையில் யாராவது திருத்தியிருக்கிறார்களா, எங்கே இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்து நோட்டுகளில் தமிழ்ப் பாட்டைக்கூடத் தெலுங்கு எழுத்தில் எழுதியிருப்பார்கள், அதையும் குறியுங்கள்.

இங்கே புதியவர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. ‘ஐந்து புத்தகத்தில் ஒரே மாதிரி இருக்கிறது, ஆகவே அதுதான் சரி’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஐந்தில் நான்கு முதல் புத்தகத்தைப் பார்த்து அடித்தவையாக இருக்கும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி, சரியான இடங்களை விட்டுவிட்டுத் தப்பான இடங்களை ஒப்பிடுவது. ஒரே அச்சுப்பிழை, ஒரே இடத்தில் ஒரே மாத்திரை (கால அளவு) குறைவு, இரண்டு புத்தகத்திலும் இருந்தால் ஒன்றைப் பார்த்து மற்றது வந்திருக்கிறது. அவை இரண்டு சாட்சி ஆகா, ஒரே சாட்சி இரண்டு தடவை கூண்டில் ஏறியிருக்கிறது.

தமிழ்ப் பாடல்களில் வேறொரு சங்கடம். முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை போன்றவர்களுடைய பாடல்களுக்குப் பழைய பிரதிகளில் வரிகள் இருக்கும், மேலே ராகம் தாளம் பெயர் இருக்கும், ஸ்வரம் இருக்காது. அருணாசலக் கவியின் இராம நாடகத்துக்கு மெட்டமைத்தவர்கள் அவருடைய சீடர்கள். இன்று கச்சேரியில் அந்தப் பாடல்கள் பலவும் வேறு ராகத்தில் ஒலிக்கின்றன. இப்படிப்பட்ட பாட்டை எடுத்தால், வரி ஒரு மூலத்திலிருந்தும் மெட்டு வேறொரு மூலத்திலிருந்தும் வருகிறது என்று பாட்டின் தலைப்பிலேயே போட்டுவிடுங்கள்.

உள்ளதை உள்ளபடி படியெடுப்பது

திருத்தும் ஆசை வரும். கையைக் கட்டிப்போடுங்கள். முதல் படியெடுப்பில் பிழையென்று தெரிந்தாலும் அப்படியே எழுதவேண்டும். அடித்துத் திருத்திய இடம், ஓரத்தில் பென்சிலில் எழுதியது, மை கொட்டியது எல்லாம் பதிவாகட்டும். இந்தக் கோப்பைப் பூட்டி வைத்துவிட்டு, அதன் நகலில்தான் பதிப்பு வேலையைத் தொடங்கவேண்டும்.

ஓலையிலும் அதைப் பார்த்து எழுதிய பழைய பிரதிகளிலும் புள்ளி இருக்காது, எ-ஏ, ஒ-ஓ வேறுபாடு தெரியாது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சில் ணை, லை, றா, னா எல்லாம் பழைய வடிவில் இருக்கும். இந்த வடிவ மாற்றத்தைச் சொல்லாமலே புது எழுத்துக்குக் கொண்டுவரலாம், பதிப்புரையில் ஒரு வாக்கியம் போதும். ஆனால் நெடிலா குறிலா என்று நீங்கள் தீர்மானிக்கும் இடங்கள் வெறும் எழுத்து மாற்றம் அல்ல. ஸ்வர வரியில் ‘ரி’ ஒரு மாத்திரை, ‘ரீ’ இரண்டு. சாகித்ய வரியில் (பாட்டின் சொற்களில்) அதுவே பொருளை மாற்றும். அங்கெல்லாம் குறிப்பு எழுதுங்கள்.

பிறகு ஒன்றை அடிப்படைப் பிரதியாகத் தேர்ந்தெடுத்து அதைப் பின்பற்றுங்கள். பல்லவி ‘அ’விலிருந்து, சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வகை) ‘ஆ’விலிருந்து, சிட்டைஸ்வரம் (பாட்டோடு சேர்ந்த ஸ்வரப் பகுதி) ‘இ’யிலிருந்து என்று நல்லதையெல்லாம் பொறுக்கிச் சேர்த்தால் கேட்க இனிமையாக இருக்கலாம். யாரும் எந்தக் காலத்திலும் பாடாத ஒரு பாட்டு அப்படித்தான் பிறக்கிறது. நூல் பதிப்பில் பாடபேதம் என்பார்கள், சங்கீதத்தில் பாடாந்தரம் என்பார்கள். பாடபேதத்தில் ஒன்று மூலம், மற்றது சிதைவு என்று சொல்ல வாய்ப்பு உண்டு. இரண்டு பாடாந்தரம் இரண்டுமே அசலாக இருக்கலாம். அவற்றை அடுத்தடுத்து முழுதாக அச்சிடுவது உத்தமம்.

குறியீட்டு முறையை முதலிலேயே எழுதி வைப்பது

ஒரு தாளில் உங்கள் குறியீட்டுப் பட்டியலை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இன்று பரவலாகப் புழங்குவது இது: குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, காற்புள்ளி ஒன்று, அரைப்புள்ளி இரண்டு. எழுத்துக்கு மேல் ஒரு கோடு இரண்டாம் காலம் (இருமடங்கு வேகம்), இரண்டு கோடு மூன்றாம் காலம் (நான்கு மடங்கு). மேலே புள்ளி தாரம், கீழே புள்ளி மந்தரம் (கீழ் ஸ்தாயி). தாள அங்கம் முடியுமிடத்தில் ஒற்றைக் கோடு, ஆவர்த்தனம் முடியுமிடத்தில் இரட்டைக் கோடு.

ஸ்வர ஸ்தானத்துக்கு (ஒரு ஸ்வரத்தின் எந்த வகை என்பதற்கு) எண் போடுவதில் சிக்கனம் வேண்டும். ஒவ்வொரு ரி-க்கும் 1, 2 என்று போட்டால் பக்கம் கணக்குப் பேரேடு மாதிரி ஆகிவிடும். பாட்டின் தலைப்பில் ராகம், மேளம் (தாய் ராகம்), ஆரோகண அவரோகணத்தோடு (ஏறும், இறங்கும் ஸ்வர வரிசையோடு) ஒரே ஒரு முறை சொல்லிவிட்டால் போதும். பாஷாங்க ராகங்களில், அதாவது தாய் ராகத்தில் இல்லாத ஸ்வரமும் வரும் ராகங்களில், மட்டும் உஷார். பைரவியில் இரண்டு வகைத் தைவதமும் (த) வரும், ஆகவே ஒவ்வொரு த-வுக்கும் எண் வேண்டும். காம்போதியில் காகலி நிஷாதம் (நி-யின் உயர்ந்த வகை) ஒரு குறிப்பிட்ட பிடியில் மட்டும் எட்டிப்பார்க்கும், அந்த நி-க்கு ஒரு நட்சத்திரக் குறி போட்டால் தீர்ந்தது.

மேளத்தின் பெயரிலும் தடுமாற்றம் வரும். தீட்சிதர் வழி மூலத்தில் 20-ஆம் மேளம் நாரீரீதிகௌளை, இன்று எல்லோரும் சொல்வது நடபைரவி. மூலப் பெயரை எடுத்துவிடாதீர்கள். இரண்டையும் போடுங்கள்.

கமகத்தை (ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் பாடுவதை) எழுதுவதா வேண்டாமா என்பது பழைய வழக்கு. சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் கம்பிதத்துக்கு அலைக்கோடு, ஏற்ற இறக்க ஜாருவுக்குச் சாய்கோடுகள், நொக்கு, ரவை, கண்டிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி வைத்து அச்சிட்டிருக்கிறார். கணினி இல்லாத காலத்தில், ஈய அச்சில். நாம் எந்தக் கருவி குறைவென்று குறைப்பட்டுக்கொள்வது? ஆனால் அந்தக் குறிகளை உங்கள் மூலத்தில் இல்லாத பாட்டுக்கு நீங்களாகப் போடாதீர்கள். நோட்டில் வெறும் ஸ்வரம் இருந்தால் வெறும் ஸ்வரமாகவே அச்சிடுங்கள். கமகம் காட்டியே தீரவேண்டும் என்றால் யாருடைய பாடலைக் கேட்டுப் போட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

எண்ணிப் பார்ப்பது

பதிப்பாசிரியர் வேலையில் பாதி இதுதான். ஆதி தாளம், ஒரு களை: 8 அட்சரம், அட்சரத்துக்கு 4 மாத்திரை, ஆவர்த்தனத்துக்கு 32. லகு (தாளத்தின் முதல் 4 அட்சரம்) மட்டும் 16. இதோ நானே எழுதிய ஒரு லகு:

பா ; மா க ரி ஸா ரீ கா மா |

எண்ணுங்கள். பா 2, அரைப்புள்ளி 2, மா 2, க 1, ரி 1, ஸா 2, ரீ 2, கா 2, மா 2. மொத்தம் 16. இப்போது அரைப்புள்ளியின் மேல்புள்ளி அச்சில் மங்கிப் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். காற்புள்ளியாகிவிடும், 15. பிழை ஒரு தூசி அளவு. பாடினால் அடுத்த அட்சரமெல்லாம் தட்டிலிருந்து நழுவும். பழைய அச்சில் கணக்கு உதைத்தால் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள், அப்புறம் குறில் நெடில், அப்புறம் விட்டுப்போன மேல்கோடு.

நான் எக்செல் அட்டவணையில் ஒரு ஆவர்த்தனத்துக்கு ஒரு வரி, ஒரு மாத்திரைக்கு ஒரு கட்டம் என்று வைத்துக்கொள்கிறேன். 32 கட்டம். இரண்டாம் காலம் வந்தால் ஒரே கட்டத்தில் இரண்டு ஸ்வரம். குறைந்தாலும் கூடினாலும் கண்ணிலேயே தெரியும். கீழ் வரிசையில் சாகித்யம், அந்தந்த எழுத்து அந்தந்த ஸ்வரத்தின் அடியில். அரை இடம், முக்கால் இடம் எடுப்பு (பாட்டு தாளத்துக்குச் சற்றுப் பின்னால் தொடங்குவது) இருந்தால் முதல் கட்டங்களில் காற்புள்ளி போட்டு நிரப்புங்கள், வெறுமனே விட்டால் பாடுகிறவர் சமத்தில் (தாளம் தொடங்கும் இடத்திலேயே) எடுத்துவிடுவார்.

எண்ணிக்கை சரியாக இருப்பதால் மட்டும் பாடம் சரி என்றாகிவிடாது. ஒரு நெடில் குறைந்து பக்கத்தில் ஒரு குறில் நீண்டாலும் 32 வரும். கையில் தாளம் போட்டுப் பாடித்தான் பார்க்கவேண்டும்.

திருத்துவது, திருத்தியதைச் சொல்வது

பிழையென்று உறுதியானால் திருத்துங்கள். ஆனால் மூன்று விஷயம் பக்கத்திலிருந்து தெரியவேண்டும்: மூலத்தில் இருந்தது எது, நீங்கள் மாற்றியது எது, நீங்கள் சேர்த்தது எது. சேர்த்ததற்குச் சதுர அடைப்பு. மாற்றியதற்குப் பின்குறிப்பு. குறிப்பு இப்படி இருந்தால் போதும்:

சரணம், ஆவர்த்தனம் 3, அட்சரம் 2: ‘நி த பா’ – அ. ‘நி த ப’ – ஆ, இ. ‘அ’ பாடம் கொள்ளப்பட்டது. மற்றவற்றில் ஒரு மாத்திரை குறைகிறது.

கதை வேண்டாம், ‘எமது தாழ்மையான கருத்தில்’ வேண்டாம்.

இனி கஷ்டமான கேஸ். ஆபேரி ராகம். பழைய வழக்கில் அது 20-ஆம் மேள ஜன்யம் (அதிலிருந்து பிறந்த ராகம்), சுத்த தைவதம் (த-வின் தாழ்ந்த வகை). இன்று மேடையில் ஒலிப்பது சதுஸ்ருதி தைவதம் (அதற்கு மேலே உள்ளது), 22-ஆம் மேளத்தோடு பொருந்துவது. தியாகராஜரின் ‘நகுமோமு’ என்று சொன்னதும் நம் காதில் கேட்பது இந்த இரண்டாவதுதான். உங்கள் நோட்டில் ‘ஆபேரி’ என்று எழுதி, த என்று மட்டும் போட்டிருக்கிறது. எந்த த? உங்கள் காது ஒன்று சொல்லும், லட்சண நூல் ஒன்று சொல்லும். நோட்டு எழுதியவர் எந்தக் காலத்தவர், யாரிடம் கற்றவர், அதே நோட்டில் வேறு ஆபேரிப் பாட்டு இருக்கிறதா, அங்கே மேள எண் உண்டா என்று பாருங்கள். சான்று கிடைத்தால் எண் போட்டுக் காரணம் எழுதுங்கள். கிடைக்காவிட்டால் த என்று மட்டும் அச்சிட்டு, இரண்டுக்கும் இடமுண்டு என்று குறிப்பில் சொல்லுங்கள். பாடுகிறவர் தம் சம்பிரதாயப்படி பாடிக்கொள்வார். உங்கள் காதுக்குப் பழகிய தைவதத்தை 19-ஆம் நூற்றாண்டுக்காரர் வாயில் சத்தமில்லாமல் திணிப்பதுதான் இந்தத் தொழிலில் பெரிய குற்றம். அதைப் பிறகு வருகிற யாராலும் கண்டுபிடிக்கக்கூட முடியாது.

முத்திரையிலும் (இயற்றியவர் பாட்டில் வைக்கும் அடையாளச் சொல்) இதே ஜாக்கிரதை வேண்டும். ‘குருகுஹ’ என்று வந்தால் உடனே முத்துஸ்வாமி தீட்சிதர் என்று தலைப்புப் போட்டுவிடாதீர்கள். அந்த முத்திரையைப் பின்னால் வந்தவர்களும் வைத்துப் பாடியிருக்கிறார்கள். மூலம் யார் பெயரைச் சொல்கிறதோ அதைப் போடுங்கள், சந்தேகமிருந்தால் பின்குறிப்பில் எழுதுங்கள்.

ஒலிப்பதிவு மூலமானால், எந்தப் பதிவு, யார் பாடியது, எத்தனையாவது நிமிடம் என்று குறியுங்கள். சங்கதிகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுங்கள். மேடையில் அன்றைக்குத் தோன்றிப் பாடிய நிரவலையும் கல்பனாஸ்வரத்தையும் கீர்த்தனையின் உடம்பில் சேர்க்காதீர்கள்.

சாகித்யமும் எண்களின் மோதலும்

தெலுங்கு, சம்ஸ்கிருதப் பாட்டைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டால் க, ச, ட, த, ப-வுக்கு ஒலி வேறுபாடு காட்ட எண் போடும் வழக்கம் தெரிந்ததுதான்: ‘வாதாபி க³ணபதிம் ப⁴ஜே’. பாடுகிறவருக்கு இது பேருதவி. எண் இல்லாமல் அச்சிட்ட பழைய புத்தகங்களைப் பார்த்துப் பாடியவர்கள் வாயில் கணபதி எப்படியெல்லாம் கஷ்டப்பட்டிருக்கிறார் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஒரு பக்கத்தில் எத்தனை வகை எண் சேர்கிறது என்று பாருங்கள். சாகித்யத்தில் க³ என்றால் ஒலி. ஸ்வர வரியில் க₃ என்றால் அந்தர காந்தாரம் (க ஸ்வரத்தின் ஒரு வகை). அடிக்குறிப்பு எண் 3 ஒரு க-வின் தலையில் உட்கார்ந்தால் யாருக்கு எது என்று எப்படித் தெரியும்? என் முதல் பதிப்பில் இதை யோசிக்காமல் அடிக்குறிப்பு எண் போட்டேன். படித்த நண்பர் ஒருவர், ‘சார், இந்த ஒரு ப மட்டும் ஏன் ப⁷?’ என்று கேட்டார். அன்றோடு விட்டேன். ஒலிக்கு மேலெண், ஸ்தானத்துக்குக் கீழெண், குறிப்புக்கு எண்ணே கிடையாது. குறிப்பையெல்லாம் ஆவர்த்தன எண்ணை வைத்துப் பின்னால் தொகுத்துவிடுங்கள்.

தட்டச்சில் ஒரு சின்ன ரகசியம்: மேலெண்ணை உயிர்க்குறி முடிந்த பிறகு போடவேண்டும். கோ³விந்த³ என்று அடித்தால் சரியாக வரும். க அடித்து 3 போட்டுப் பிறகு ஓகாரக் குறி அடித்தால் பல எழுத்துருக்களில் குறி துண்டாகி, நடுவில் புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும்.

ஸ்வரத்துக்கு அடியில் பிரித்துப் போட்ட சாகித்யத்தைப் படித்துப் பொருள் தெரிந்துகொள்ள முடியாது. ஆகவே பாட்டின் முதலில் வரிகளைச் சந்தி பிரித்துத் தனியே ஒரு முறை கொடுங்கள். தமிழ்ப் பாட்டுக்கும்தான்.

பக்கம் அமைப்பது

யூனிகோட் எழுத்துருவில்தான் வேலை செய்யுங்கள். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு இருந்தால் முதலில் மாற்றிவிட்டு, மாற்றியதை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். லிப்ரே ஆபீஸ், இன்டிசைன், லேடெக் எதுவானாலும் பரவாயில்லை. இடைவெளித் தட்டித் தட்டி ஸ்வரத்தையும் சாகித்யத்தையும் ஒன்றன்கீழ் ஒன்று கொண்டுவர முயலாதீர்கள். எழுத்துரு மாறிய அன்று எல்லாம் சரியும். கோடு தெரியாத அட்டவணையில் கட்டம் கட்டமாகப் போடுங்கள். இரண்டாம் காலக் கோட்டைக் கட்டத்தின் மேல்விளிம்பாகப் போட்டால் ‘ரி’, ‘நி’ மேல் முட்டாமல் சீராக நிற்கும்.

ஸ்தாயிப் புள்ளி விஷயம். எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும் யூனிகோட் புள்ளியைப் பயன்படுத்தினால் தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் அது நகர்ந்து பக்கத்தில் விழும், ‘ரி’யின் கொக்கியில் மாட்டிக்கொள்ளும், இல்லையென்றால் புள்ளியெழுத்தாகவே தோற்றமளிக்கும். நான் ஸ்வர வரிக்கு மேலும் கீழும் சிறிய தனி வரிசை வைத்து, புள்ளியை அதில் போடுகிறேன். எழுத்திலிருந்து ஒரு மயிரிழை தள்ளி, கொஞ்சம் பருமனாக. அப்போது ‘ஸ்’ என்று யாரும் படிப்பதில்லை. தேவையானால் ஸ்வர வரியின் எழுத்தளவை ஒரு பாயின்ட் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

கீழ்ப்புள்ளி இன்னும் ஆபத்து. என் இரண்டாவது புத்தகம் அச்சாகி வந்தபோது ஒரு அனுபல்லவி முழுக்க மந்தரஸ்தாயி காணோம். வரி இடைவெளியை அச்சகத்தில் யாரோ குறைத்திருக்கிறார்கள், அடுத்த வரியின் வெள்ளைக் கட்டம் புள்ளிகளை மூடிவிட்டது. திரையில் பிடிஎஃப் சரியாகத்தான் இருந்தது. அதிலிருந்து, அச்சகத்துக்கு எழுத்துருவெல்லாம் உள்ளே பதிந்த பிடிஎஃப் மட்டும் கொடுப்பேன், திறந்து திருத்தக்கூடிய கோப்பைக் கொடுப்பதில்லை. முதல் பாரம் (ஒரே தாளில் அச்சாகும் பக்கத் தொகுதி) அச்சானதும் நேரில் போய் லென்ஸ் வைத்துப் பார்க்கிறேன்.

ஆவர்த்தனத்தை நடுவில் உடைத்து அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். பாடுகிறவர் ஒரு கையில் தாளம் போடுகிறார், தம்பூராவும் இருந்தால் பக்கம் புரட்ட மூன்றாவது கை இல்லை. சின்னப் பாட்டு எதிரெதிர்ப் பக்கத்தில் முடிந்துவிட வேண்டும். தைத்துக் கட்டிய, தரையில் விரித்தால் தானாக விரிந்து கிடக்கும் கட்டு கேளுங்கள். காசு கொஞ்சம் கூட ஆகும்.

மூன்று மெய்ப்பு

முதல் மெய்ப்பு எழுத்துக்கு. ஒருவர் மூலத்தைப் படிக்க, மற்றவர் அச்சைப் பார்க்கவேண்டும். நெடில், புள்ளி, கோடு எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும்: ‘பா நெடில், அரைப்புள்ளி, மா நெடில்’. அலுப்புத்தான். ஒரு நாளைக்கு இரண்டு பாட்டுக்கு மேல் பார்க்காதீர்கள், கண் பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

இரண்டாவது கணக்குக்கு. ஒவ்வொரு ஆவர்த்தனமும் அச்சுப் பக்கத்திலிருந்தே மறுபடி எண்ணவேண்டும், எக்செல்லை நம்பிவிடக் கூடாது.

மூன்றாவது பாடிப் பார்க்க. இதைப் பாட்டு ஏற்கெனவே தெரிந்தவரிடம் கொடுக்காதீர்கள். அவர் தாளைப் பார்ப்பார், நினைவிலிருந்து பாடுவார். பாட்டுத் தெரியாத, ஸ்வரம் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். எனக்கு வாய்த்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்து நாகஸ்வர வித்வான் ஒருவர். அச்சுத் தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு, சீவாளியை (நாகஸ்வரத்தின் ஊதும் பகுதியை) எடுக்காமலே விரலால் தட்டியபடி முணுமுணுத்துக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் நின்று, ‘தம்பி, இங்க ஒரு அட்சரத்தை முழுங்கிட்டீங்களே?’ என்றார். நான் எண்ணிக் காட்டினேன், சரியாக 32. ‘கணக்கு சரிதாங்க. இந்த எடத்துல மூச்சு எங்க எடுக்கறது?’ என்றார். மூலத்தை எடுத்துப் பார்த்தோம். காற்புள்ளி ஒரு ஸ்வரத்துக்கு முன்னால் இருக்கவேண்டியது, நான் பின்னால் போட்டிருந்தேன். மொத்தம் மாறவில்லை, பதம் மட்டும் நடுவில் முறிந்திருந்தது. முதல் இரண்டு மெய்ப்பிலும் சிக்காத பிழை அது.

முன்னும் பின்னும்

பதிப்புரையில் மூன்று பக்கம் போதும்: மூலங்கள் எவை, அடிப்படைப் பிரதி எது, ஏன், குறியீடுகள் என்ன, சொல்லாமல் மாற்றியவை எவை. வாழ்த்துரையும் அணிந்துரையும் 14 பக்கம் வைத்துவிட்டு இதை அரைப் பக்கத்தில் முடிக்கும் புத்தகங்கள் நம்மிடம் நிறைய உண்டு. மூலத்தின் ஒரு பக்கத்தையாவது படமாகப் போடுங்கள், உங்கள் கைவேலையைப் படிப்பவர் தானே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கடைசியில் முதற்குறிப்பு அகராதி, ராக அகராதி, தாளம், இயற்றியவர் அகராதி. பாட்டுத் தேடுகிறவர் பெரும்பாலும் ராகத்தை வைத்துத்தான் தேடுவார், ஆகவே அதை முதலில் வையுங்கள்.

ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமை கட்டணமில்லாமல் தருகிறது, தனி ஆளாகவும் விண்ணப்பிக்கலாம். கைக்கு வரச் சமயம் பிடிக்கும், அட்டை வேலை தொடங்கும்போதே போட்டுவிடுங்கள்.

முதல் அச்சில் 300 படிக்கு மேல் போடாதீர்கள். உங்களுக்கென்று ஒரு படியை, பக்கத்துக்குப் பக்கம் வெள்ளைத் தாள் இடைவைத்துத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். யார் எந்தப் பிழை சொன்னாலும் தேதி போட்டு அதில் எழுதிக்கொள்ளலாம். முதல் மாதம் முடிவதற்குள் நாலைந்து பேராவது கூப்பிடுவார்கள்.